டமாஸ்கஸிலிருந்து வந்த ஓவியங்கள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

மறைக்கல்வி வகுப்பில் புனித பவுலின் மனமாற்றத்தைப் படிக்காதவர் நம் பள்ளியில் எவரும் இரார். தமஸ்கு நகரை நெருங்கும் வேளையில் சவுலைச் சுற்றி ஒளி வீசியது, அவருக்குக் கண் தெரியாமல் போனது, 'நேர்த் தெரு'வில் இருந்த வீட்டிற்கு அனனியா வந்து அவர்மீது கைகளை வைத்தது, பின்னர் பகைவர்கள் அவரைக் கொல்லத் தேடியபோது சீடர்கள் இரவில் அவரைக் கூடையில் வைத்து நகர மதில் வழியாக இறக்கிவிட்டது எல்லாம் நமக்கு மனப்பாடம். அந்தத் தமஸ்குதான் இன்றைய சிரியா நாட்டின் தலைநகரான டமாஸ்கஸ். அந்த நேர்த் தெரு இன்றும் அங்கே இருக்கிறது. சென்ற ஆண்டு வரை இந்த இரண்டும் எனக்குத் தெரியாது. பவுலடிகள் கூடையில் இறங்கிப் போனதோடு அந்த ஊரும் என் மனத்தை விட்டுப் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும்.

அதைத் திரும்பக் கொண்டுவந்தவர் என் தந்தை. அவர் துபாயில் தச்சு வேலை செய்கிறார். கதவு, நாற்காலி செய்யும் தச்சு வேலை அன்று. ஓவியங்களையும் சிலைகளையும் ஊர் விட்டு ஊர் அனுப்புவதற்கான மரப்பெட்டிகளைச் செய்வதுதான் அவர் தொழில். ஒரு நாள் இரவு தொலைபேசியில் பேசும்போது, "மக்களே, இன்னைக்கு ஒரு படத்துக்குப் பெட்டி அடிச்சேன். சிரியாக்காரரு வரைஞ்சதாம். கறுப்பும் வெள்ளையுமா ஒரு பொண்ணு மேசை மேல தலைய வச்சுத் தூங்குறா. பார்த்ததும் உங்கம்மா நெனப்பு வந்துட்டு" என்றார். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஓவிய ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். "சிரியாவில் ஓவியர்கள் இருக்கிறார்களா என்று கேட்பதற்குப் பதில் நீயே தேடிப் பார்த்து ஆண்டு மலருக்கு எழுதேன்" என்றார்கள். பள்ளிக் கணிப்பொறி அறையிலும் நூலகத்திலும் தேடிப் படித்ததையும், என் தந்தை சொல்லித் தந்ததையும் இங்கே எழுதுகிறேன். இந்த ஓவியங்களுள் ஒன்றைக்கூட நான் நேரில் கண்டதில்லை.

முதலில் கலைக்கூடம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்கே அது சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அருங்காட்சியகம் பெரும்பாலும் அரசுக்கு உரியது. அங்கே உள்ள படங்கள் விற்பனைக்கு அல்ல. கலைக்கூடம் தனியார் நடத்துவது. உயிரோடு இருக்கும் ஓவியர்களின் படங்களைச் சில வாரங்கள் சுவரில் மாட்டி, அழைப்பிதழ் அச்சிட்டு, ஊராரை அழைத்துக் காட்டுவார்கள். படம் விற்றால் ஓவியருக்கு ஒரு பங்கு, கலைக்கூடத்திற்கு ஒரு பங்கு. பல இடங்களில் இது பாதிக்குப் பாதி. "பாதியா? சந்தையிலே தரகர்கூட இவ்வளவு வாங்க மாட்டானே!" என்று அம்மா வியந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பாதிக்காக ஒரு நல்ல கலைக்கூடம் செய்யும் வேலைகளைப் பார்த்தால் விற்பது அவற்றுள் ஒன்றுதான். எந்தப் படத்தை யார், எந்த ஆண்டில் வரைந்தார், அதன் நீள அகலம் என்ன, இப்போது அது யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதி வைக்கும் ஏடு அவர்களிடம் இருக்கும். சிரியாவின் கதையில் இந்த ஏடுதான் முக்கியமானது என்பது என் எண்ணம்.

சிரியா 1946இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டது. அதன் பின்னர் இளைஞர்கள் பலர் ரோம், பாரிஸ், கெய்ரோ முதலிய நகரங்களுக்குச் சென்று ஓவியம் பயின்று திரும்பினர். 1960இல் டமாஸ்கஸில் நுண்கலைக் கல்லூரி தோன்றியது. ஃபாத்தே முதர்ரிஸ் (1922 - 1999) அலெப்போ பகுதியில் பிறந்தவர். தாயார் குர்து இனத்தைச் சேர்ந்த கிராமப் பெண். ரோமில் படித்துவிட்டு வந்தாலும், வண்ணத்தோடு மணலைக் கலந்து, தம் நாட்டுப் பழஞ்சிலைகளைப் போல அகன்ற, சதுரமான முகங்களையே அவர் வரைந்தார். இலியாஸ் ஸையாத் (1935 - 2022) டமாஸ்கஸில் பிறந்தவர். கோவில்களில் வைத்து வணங்கும் பழைய திருவோவியங்களைப் பழுது பார்ப்பதில் வல்லவர். அந்தத் திருவோவியங்களின் நீண்ட முகங்களும் பெரிய கண்களும் அவருடைய சொந்த ஓவியங்களிலும் வந்து நிற்கின்றன. பெண்களுள் லடாக்கியா நகரின் லைலா நஸீர் (1941 - 2023) புகழ் பெற்றவர். 1963இல் கெய்ரோவில் படிப்பை முடித்து வந்தவர்.

எல்லாரிலும் என்னை வருத்தியவர் லுவாய் கய்யாலி. அவர் 1934இல் அலெப்போவில் பிறந்து, ரோம் நகர நுண்கலைக் கழகத்தில் பயின்றவர். 1960இல் புகழ் வாய்ந்த வெனிஸ் கண்காட்சியில் அவரும் முதர்ரிஸும் சிரியாவின் சார்பில் கலந்துகொண்டனர். இவ்வளவு பெயர் பெற்றவர் யாரை வரைந்தார் தெரியுமா? பரிசுச் சீட்டு விற்கும் சிறுவன், மீனவர், குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஏழைத் தாய். அவர்களைச் சுற்றி ஒரு தடித்த கருங்கோடு. பின்னால் வீடு இல்லை, மரம் இல்லை, வெறும் நிறம் மட்டுமே. அவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை. தலை குனிந்திருப்பார்கள். 1965இல் அவர் வரைந்த பெரிய ஓவியத்தின் பெயர் 'பிறகு என்ன?' என்பது. வீடிழந்த பாலஸ்தீனப் பெண்களும் குழந்தைகளும் வெறுங்காலுடன் நிற்கும் காட்சி அது. டமாஸ்கஸ் தேசிய அருங்காட்சியகத்திற்கு உரியது.

1967 ஏப்ரலில் கரித்துண்டால் வரைந்த 30 படங்களை அவர் காட்சிக்கு வைத்தார். விமரிசகர்கள் கடுமையாகத் தாக்கி எழுதினர. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மூண்டு அரபு நாடுகள் தோற்றன. மனமுடைந்த கய்யாலி அந்தப் படங்களைத் தம் கையாலேயே அழித்தார் என்பர். பல ஆண்டுகள் தூரிகையைத் தொடவில்லை. பிறகு மீண்டும் வரைந்தார். 1978இல் தீக்காயத்தால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 44. கிழித்து எறிந்த படம் எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பது? இந்தக் கேள்வியை நான் என் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அதற்கு ஒரு பாதி விடை பின்னால் கிடைத்தது.

1986இல் ஹோம்ஸ் நகரில் முனா அத்தாசி, மைலா அத்தாசி என்ற சகோதரிகள் இருவர் ஒரு கலைக்கூடம் தொடங்கினர். சிரியாவில் ஓவியர்களுக்கு ஆதரவு அப்போது பெரும்பாலும் அரசிடமிருந்தே வந்தது. தலைநகரும் அல்லாத ஒரு நகரில், பெண்கள் இருவர் சொந்த முயற்சியில் இதைச் செய்தார்கள் என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். 1993இல் அது டமாஸ்கஸுக்கு மாறியது. முதர்ரிஸ் போன்ற மூத்தவர்களையும் புதியவர்களையும் அங்கே ஒரே சுவரில் காணலாம். 1998இல் முனா அத்தாசி ஒரு பெரிய நூலைத் தொகுத்து வெளியிட்டார். 1898 முதல் 1998 வரை நூறு ஆண்டுக்காலச் சிரிய ஓவியத்தைப் பற்றியது அந்நூல். விற்பனையை மட்டும் எண்ணுகிறவர்கள் இப்படி ஒரு நூலுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்க மாட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகளில் போர் வரப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இரண்டாவது கலைக்கூடத்தின் பெயர் 'அய்யாம்'. அரபு மொழியில் 'நாட்கள்' என்று பொருள். காலித் சமாவி, ஹிஷாம் சமாவி என்ற உறவினர் இருவர் 2006இல் டமாஸ்கஸில் இதைத் தொடங்கினர். இவர்கள் வழி வேறு. இளம் ஓவியர்களைத் தேர்ந்தெடுத்து, வரைவதற்கு வசதி செய்து கொடுத்து, வெளிநாட்டுக் கண்காட்சிகளில் அவர்களை அறிமுகப்படுத்தினர். 2008இல் துபாயிலும் அதற்கு அடுத்துப் பெய்ரூட்டிலும் கிளைகள் திறந்தனர். பின்னர் சில ஆண்டுகள் லண்டனிலும் நடத்தினர். ஏலங்களும் நடத்தினர். இவர்கள் சிரிய ஓவியத்தை வணிகமாக்கி விலையை ஏற்றிவிட்டார்கள் என்று குறை சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் படம் விற்காத ஓவியர் மாலையில் வேறு வேலைக்குப் போவார். பிறகு காலையிலும் போவார். என் பெரியப்பா கோவில் பீடத்துச் சுருபங்களுக்கு அழகாக வண்ணம் தீட்டுவார். இப்போது பேருந்து நடத்துநராக இருக்கிறார்.

2011இல் சிரியாவில் கிளர்ச்சி தொடங்கி உள்நாட்டுப் போராக மூண்டது. அத்தாசி சகோதரிகளின் முதல் கலைக்கூடம் இருந்த ஹோம்ஸ் நகரின் பழைய பகுதி முற்றுகைக்குள் சிக்கி, 2014 மே மாதத்தில் முற்றுகை முடிந்தபோது தெருத் தெருவாக இடிந்து கிடந்தது. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். 2015இல் பல்மைரா என்னும் பண்டைய நகரத்தின் பேல் கோவில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த நகரின் தொல்பொருள்களை நாற்பது ஆண்டுகள் காத்துவந்த காலித் அல் அசாத் என்ற முதியவர், எண்பது வயதைத் தாண்டியவர், கொல்லப்பட்டார். இதில் ஒரு செய்தி என்னைத் திகைக்கச் செய்தது. நான் மேலே சொன்ன இலியாஸ் ஸையாத், தெய்வங்கள் பல்மைராவைக் கைவிட்டுச் செல்வதாக ஓர் ஓவியத்தை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே வரைந்திருந்தார்.

டமாஸ்கஸில் அத்தாசி கலைக்கூடம் போரின் தொடக்க ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. அய்யாம் கலைக்கூடத்தார் தம் ஓவியர்கள் பலரையும் அவர்கள் குடும்பங்களையும் துபாய், பெய்ரூட் முதலிய நகரங்களுக்குச் செல்ல உதவினர். படங்களும் வெளியே வந்தன. எப்படி வந்திருக்கும் என்று என் தந்தையிடம் கேட்டேன். அவருக்கு இதைப் போல ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை போலும். அன்று அரை மணி நேரம் பேசினார்.

துணியில் வரைந்த படமானால் சட்டத்திலிருந்து ஆணிகளைக் கழற்றிச் சுருட்டலாம். நாம் வரைபடத் தாளைச் சுருட்டும்போது படம் உள்ளே இருக்குமாறு சுருட்டுவோம் அல்லவா? ஓவியத்தை அப்படிச் சுருட்டக் கூடாதாம். வண்ணம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உட்பக்கம் இருந்தால் வண்ணம் நெருக்குண்டு, விரிக்கும்போது வெடித்து உதிரும். சுருட்டும் குழாயும் தடிமனாக இருக்க வேண்டும். பலகையில் வரைந்த படமானால் சுருட்டவே முடியாது. அதற்குப் பெட்டிதான். பெட்டிக்கு ஆணி அடிக்கக் கூடாது, திருகாணிதான் போட வேண்டும். சுத்தியலின் அதிர்ச்சியில் வண்ணம் விட்டுவிடும். (அப்படியானால் "பெட்டி அடிச்சேன்" என்று ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்.) படத்தின் முகத்தில் எதுவும் படாதபடி உள்ளே மென்பஞ்சு வைத்து, வெளியே எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அம்புக்குறி இட வேண்டும். மரத்தைச் சூடேற்றிப் பூச்சிகளைக் கொன்று முத்திரை குத்தியிருந்தால்தான் பல நாடுகளில் பெட்டியை உள்ளே விடுவார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குக் கய்யாலி நினைவு வந்தது. அவர் தம் படங்கள் பலவற்றை வரைந்தது துணியில் அன்று, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில். தந்தையிடம் சொன்னேன். "அது மூலை உடையும். தண்ணி பட்டா உப்பிரும். யாரோ ரொம்பப் பாடுபட்டுத்தான் காப்பாத்தியிருக்கணும்" என்றார். பரிசுச் சீட்டு விற்கும் பையனை யாரோ ஒருவர் மூலை உடையாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

வெளியே வந்த ஓவியர்கள் என்ன வரைந்தார்கள்? இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸஃப்வான் தஹூல் 1961இல் ஹமா நகரில் பிறந்தவர். தம் ஓவியங்களுக்கு வேறு வேறு பெயர் வைக்காமல் எல்லாவற்றையும் 'கனவு' என்றே அழைத்து எண் மட்டும் இடுகிறார். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒரே பெண். எகிப்தியச் சுவரோவியத்தில் உள்ளது போன்ற நீண்ட கண். 2008இல் அவருடைய மனைவி இறந்தபின் வண்ணங்கள் குறைந்து கறுப்பும் வெள்ளையும் சாம்பல் நிறமுமே மிகுந்தன. என் தந்தை பெட்டி செய்த படம் இவருடையதாக இருக்கலாம் என்பது என் ஊகம். பெட்டி செய்பவருக்கு ஓவியர் பெயர் சொல்வதில்லை, நீள அகலம் மட்டுமே சொல்வார்கள்.

மற்றவர் தம்மாம் அஸாம். 1980இல் பிறந்தவர். 2011இல் தம் வரைகூடத்தை அப்படியே விட்டுவிட்டு டமாஸ்கஸிலிருந்து துபாய் வந்தார். வரைய இடம் இல்லாததால் கணிப்பொறியில் வேலை செய்யத் தொடங்கினார். குண்டுகளால் துளைக்கப்பட்ட ஒரு சிரியக் கட்டடத்தின் புகைப்படத்தின்மேல், ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் வரைந்த 'முத்தம்' என்ற தங்க நிற ஓவியத்தைப் பொருத்தினார். (இந்தப் பெயரை நம் மலரில் எழுதலாமா என்று தயங்கிச் சகோதரியிடம் கேட்டேன். "உலகப் புகழ் பெற்ற ஓவியத்தின் பெயரை மாற்ற நீ யார்?" என்று கேட்டு அனுமதித்தார்கள்.) 2013இல் அப்படம் சில நாட்களில் உலகெங்கும் பரவியது. உண்மையான சுவரிலேயே யாரோ வரைந்துவிட்டதாகப் பலர் நம்பினர். இல்லை, அந்தச் சுவரருகே அவரால் போகவே முடியாது. அதனால்தான் அப்படிச் செய்தார். பிறகு அவர் ஜெர்மனிக்குச் சென்று, காகிதத் துண்டுகளை ஒட்டி இடிந்த வீடுகளை உருவாக்கினார்.

துபாயில் அல் கூஸ் என்பது கிடங்குகளும் பட்டறைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி. அங்கே பழைய சலவைக்கல் தொழிற்சாலை இருந்த இடத்தையும் சேர்த்து அல்சர்கால் அவென்யூ என்ற கலை வளாகம் விரிவாக்கப்பட்டது. 2017 மார்ச்சில் அவ்வளாகத்தில் ஒரு புதிய கண்காட்சி மண்டபம் திறந்தபோது முதன்முதலில் வைக்கப்பட்டவை சிரிய ஓவியங்கள். வைத்தது அத்தாசி குடும்பத்தினர் 2015இல் தொடங்கிய அறக்கட்டளை. 2020இல் சிரியப் பெண் ஓவியர்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தினர். இப்போது முனா அத்தாசியின் மகள் ஷிரீன் அப்பணியை முன்னின்று நடத்துகிறார். பழைய அழைப்பிதழ்கள், கண்காட்சிப் பட்டியல்கள், செய்தித்தாள் துண்டுகள், கடிதங்கள் இவற்றையெல்லாம் தேடிச் சேர்த்து ஓர் ஆவணக் காப்பகத்தையும் அமைத்திருக்கிறார்கள். நான் குறிப்பேட்டில் எழுதியிருந்த கேள்விக்குக் கிடைத்த பாதி விடை இதுதான். அழிந்த படம் திரும்பி வராது. ஆனால் இப்படி ஒரு படம் இருந்தது, இன்ன ஆண்டில் இன்ன ஊரில் தொங்கியது, இன்னார் பார்த்து ஏசினார் என்பதற்கு ஒரு காகிதமாவது இருக்கும். ஹோம்ஸ் தெருக்களுக்கு அப்படி ஒரு காகிதமும் இல்லாத வீடுகள் எத்தனையோ இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் சமாதானமாகவில்லை. கய்யாலி வரைந்தது அலெப்போவின் ஏழைகளை. அந்தப் படங்களை இன்று வாங்குபவர்கள் பெருஞ்செல்வர்கள். பார்ப்பவர்கள் துபாய் வாசிகள். அலெப்போவிலோ ஹோம்ஸிலோ பள்ளியில் படிக்கும் என் வயதுப் பெண் தன் நாட்டு ஓவியத்தை என்னைப் போலவே திரையில்தான் பார்த்திருப்பாள். இது கலைக்கூடத்தாரின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் எடுத்துச் செல்லாவிட்டால் பார்ப்பதற்குப் படமே மிஞ்சியிராது. ஆனாலும் அது அவளுக்குச் சேர வேண்டியது அல்லவா? ஆசிரியை இதற்கு விடை சொல்லவில்லை. "அப்படியே எழுது" என்றார்கள்.

2024 டிசம்பர் 8ஆம் நாள் சிரியாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அசாத் குடும்பத்தின் ஆட்சி வீழ்ந்தது. அடுத்த மாதம் டமாஸ்கஸ் தேசிய அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டது. இதைப் படித்த அன்றே தந்தையிடம் சொன்னேன். பெட்டியின்மேல் போகும் ஊரின் பெயரை எழுதுவது அவர் வேலை அன்று. வேறொருவர் அச்சுத்தாளில் எழுதி ஒட்டுவாராம். இலண்டன், பாரிஸ், தோஹா என்று எத்தனையோ ஊர்ப் பெயர்களைப் பார்த்திருக்கிறார். டமாஸ்கஸ் என்று ஒட்டிய பெட்டி இதுவரை ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. பட்டால் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.